நாளை என்ன ஆகுமோ என்ற நாட்களில்: வீடு சந்திப்பில் கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சேகரத்தில், அதாவது திருச்சபை வட்டாரத்தில், பெண்கள் ஐக்கிய சங்கத்தோடு பன்னிரண்டு வருஷமாக வீடு சந்திப்புக்கு, கஷ்டத்தில் இருக்கிறவர்களை வீட்டில் போய்ப் பார்த்து ஜெபிப்பதற்கு, போய் வருகிறேன். நான் போதகர் இல்லை. இறையியல் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. வேலை போனவர்கள் வீட்டிலும், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் பக்கத்திலும், மகளுக்கு வரன் தகையாமல் அலைகிற தாய்மாரிடமும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பாதியை நானே கேட்டு அழுதிருக்கிறேன். வசனங்கள் நாங்கள் கோயிலில், அதாவது சர்ச்சில், வாசிக்கிற பைபிளின் பழைய மொழிபெயர்ப்பின்படி.

"விசுவாசமாயிரு, விசுவாசமாயிரு" என்கிறார்கள். விடிந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

அன்றைக்கு உள்ளதைச் செய்ய வேண்டும். இதை நான் லேசாகச் சொல்லவில்லை.

2020 ஜூன் மாதம் என் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தார். ஏசி மெக்கானிக். வேலை பார்த்த கம்பெனி ஐந்து மாதச் சம்பளத்தைத் தராமலே அனுப்பிவிட்டது. கையில் ஒரு பெட்டி, ஒரு டூல் பை. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் எழுதினேன்: வாடகை, மகனின் காலேஜ் ஃபீஸ், நகைக்கடன் வட்டி, சீட்டு, அத்தையின் சுகர் மாத்திரை. கூட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்து பைபிளுக்குள் செருகினேன். மறுபடி பிரிக்கவே தைரியம் வரவில்லை.

அந்த வாரம் குடும்ப ஜெபத்தில் வாசிக்க வேண்டிய பகுதி யாத்திராகமம் 16, வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு இறங்கிய கதை. ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்ததுதான். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தவரை அதில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டதே இல்லை. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அதுவும் அந்த நாளுக்கு மட்டும். நாளைக்கு இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்களுடைய மன்னா புழுத்து நாறிப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பு. நாற்பது வருஷம் இப்படியே. அதைவிட வேடிக்கை, அந்த ஜனங்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்து "இது என்ன" என்றார்கள்.

எங்கள் வீட்டுக்கும் அந்த வருஷம் வந்ததெல்லாம் "இது என்ன" ரகம்தான். ஒருவர் துணி மூட்டையோடு வந்து மாஸ்க் தைத்துத் தர முடியுமா என்றார், ஒன்றுக்கு நாலு ரூபாய். பழுதான ஃபிரிட்ஜைப் பார்க்கச் சொல்லி ஒரு வீட்டில் கூப்பிட்டுவிட்டு, கூலிக்குப் பதில் கோழி கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் நடையில் ஒரு சிப்பம் அரிசி இருந்தது. வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. மாதத் தொகை என்று ஒன்று வரவே இல்லை. ஆனாலும் ராத்திரி படுக்கும்போது அன்றைய அடுப்பு எரிந்திருந்தது. "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று ஆண்டவர் சொன்னதை அந்த வருஷம்தான் வீட்டுக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்தம் நிறைவேறவில்லை. ஆண்டவர் சொன்ன சொல் மாறிவிட்டதா?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் குவித்து வைத்த வாக்குத்தத்த வசன அட்டைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போமே, அதைத்தான் கேட்கிறீர்கள். 2020-க்கு எனக்கு வந்த அட்டை உபாகமம் 28:13. "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்." ரோஜாப்பூப் படம் போட்டது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மூன்றே மாதத்தில் ஊரடங்கு. ஆறாம் மாதம் வீட்டுக்காரர் வெறுங்கையோடு வந்து நிற்கிறார். தயிர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த ரோஜாப்பூ என்னைக் கேலி செய்வதுபோல இருக்கும்.

பிறகுதான் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்தேன். 68 வசனம். முதல் 14 ஆசீர்வாதம். 15-லிருந்து கடைசிவரை சாபம். அட்டை அச்சடிக்கிறவர்கள் 14-ஐத் தாண்டுவதே இல்லை. தாண்டினால் யார் வாங்குவார்கள்? ஒரு ஜனத்தோடு செய்த உடன்படிக்கையின் நடுவிலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து என் வீட்டுக்காரரின் விசாவோடு ஒட்டியது நான்தான். ஆண்டவர் அப்படி ஒட்டித் தரவில்லை.

இன்னொரு பேர்பெற்ற வசனம் எரேமியா 29:11. கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஆட்டோவின் முதுகுவரை பார்த்திருக்கிறேன். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது ஒரு கடிதத்தில் வருகிற வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷம், எல்லாரும் ஊர் திரும்பிவிடலாம் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா எழுதியதோ எழுபது வருஷம். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் அந்த இனிப்பான வசனம் வருகிறது. கடிதம் வாசிக்கக் கேட்ட கூட்டத்தில் நரைத்தவர்கள் யாரும் ஊர் திரும்பியிருக்க முடியாது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் "தீமைக்கல்ல".

இது புரிந்தபோது எனக்கு மனம் உடையவில்லை. மூச்சு விட்டேன். ஆறு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அனனியாவின் சத்தத்தை, தேதி சொல்கிற சத்தத்தை. மறுநாள் கொல்லையில் பத்துக் கத்தரி நாற்று நட்டேன். சிரிக்காதீர்கள். எரேமியா சொன்ன பட்டியலில் அன்றைக்கு என் கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. வந்தால் கோபம்தான் வருகிறது. அது பாவமா?

சங்கீதம் 13-ஐத் திறந்து பாருங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நாலு தடவை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது கேட்கிற தொனியில் நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் அறை விழும். அதே வசனங்களில் "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனை பண்ணிக்கொண்டிருப்பேன்" என்று ஒரு வரி இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, ஃபேனைப் பார்த்தபடி கணக்குப் போட்டவர்களுக்கு அந்த ஆலோசனை என்னவென்று தெரியும்.

13-ஆம் சங்கீதமாவது கடைசியில் பாட்டாக முடிகிறது. 88 அப்படிக்கூட முடிவதில்லை. சிநேகிதனையும் தோழனையும் தூரமாக்கினீர் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதைத் தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் கீழே ஒரு அல்லேலூயாவைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. சிலுவையில் ஆண்டவரே சொந்த வார்த்தை தேடவில்லை. 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் எடுத்துக்கொண்டார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்". அப்படியிருக்க நாம் கடன் வாங்குவதில் என்ன வெட்கம்?

என் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர். கிரைண்டருக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மாவைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே, "நீரே பாரும் ஆண்டவரே, நீரே பாரும்" என்பார். மகன் வேலையில்லாமல் இருந்த மாதங்களில் அவர் பண்ணின ஜெபம் முழுவதும் அந்த மூன்று சொல்தான். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் வீடு ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவு என்கிறார்களே?

சொல்கிறவர்களை 1 இராஜாக்கள் 19 வாசிக்கச் சொல்லுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய தீர்க்கதரிசி எலியா, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தூதன் வந்து என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை, எழுந்து துதி என்றும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டு விழவில்லை. தூதன் இரண்டாம் தரமும் எழுப்பி, நீ போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். ஆண்டவர் பேசியதெல்லாம் நாற்பது நாள் கழித்து ஓரேபில்தான். முதலில் தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம்.

சுவிசேஷம் எழுதிய லூக்காவை அப்போஸ்தலன் பவுல் "பிரியமான வைத்தியன்" என்கிறார். வேலூரில் 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தது சிஎம்சி ஆஸ்பத்திரியாக நிற்கிறது. ஜெபிக்கிறவர்கள் கட்டியதுதான் அதுவும். சுகருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே கோயிலுக்கு வருகிறோம். தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழும்பவே இல்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். அரசாங்கத்தின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நான் செய்த ஏதோ பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனையா?

பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் கேட்டது இதே கேள்விதான்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டுமில்லை என்றார் இயேசு. யோவான் 9.

குடித்துக் குடித்து ஈரல் கெட்டால் அது வேறு கணக்கு; காரணம் நமக்கே தெரியும். நான் சொல்வது காரணம் தெரியாமல் வருகிறவற்றைப் பற்றி. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வேண்டுதலோடு வந்திருந்தவர்களையும் கடல் கொண்டுபோயிற்று. குளச்சல் பக்கம் ஜெபமாலையும் கையுமாக வாழ்ந்த குடும்பங்களும் போயின. அது ஏன் என்று அப்போது விளக்கம் சொன்ன ஊழியக்காரர்கள் உண்டு. எந்த விளக்கமும் ஒரு தாய்க்காவது உதவினதாக நான் பார்க்கவில்லை. செத்துப்போன சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் ஆண்டவரிடம் விளக்கம் இருந்தது. அவனை உயிரோடு எழுப்பப்போவதும் அவருக்குத் தெரியும். இருந்தும் முதலில் அழுதார். "இயேசு கண்ணீர் விட்டார்." அதை நான் விளக்கத்தைவிடப் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வழி முன்னால் நிற்கிறது. ஆண்டவருடைய சித்தம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பைபிளைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்துப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கிதியோன் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு தேவனிடம் அடையாளம் கேட்டாரே என்பார்கள். அவரிடம் தேவன் தெளிவாகச் சொன்ன பிறகும் பயத்தில் கேட்டது அது. நமக்குப் பாடமாக வைக்கவில்லை.

எனக்கு ஆறுதலான பகுதி அப்போஸ்தலர் 16. பவுல் ஆசியாவில் வசனம் சொல்லப் போகிறார், தடை. பித்தினியாவுக்குத் திரும்புகிறார், அங்கேயும் தடை. எங்கே போவது என்று தெரியாமல் நடந்து நடந்து துரோவா துறைமுகம்வரை வந்துவிடுகிறார். மக்கெதோனியாக்காரன் தரிசனத்தில் கூப்பிட்டது அதற்கப்புறம்தான். அப்போஸ்தலனுக்கே முதலில் கிடைத்தது இரண்டு "இங்கே இல்லை". உங்கள் முன்னால் நிற்கிற இரண்டு வழியிலும் பொய்யும் அநியாயமும் இல்லை என்றால், விவரம் தெரிந்த இரண்டு பேரைக் கேட்டு, சம்பளம், தூரம், வீட்டுச் சூழ்நிலை எல்லாம் காகிதத்தில் எழுதிப் பார்த்து, ஜெபித்துவிட்டு ஒன்றில் இறங்குங்கள். கதவு மூடினால் நடையை மாற்றிக்கொள்ளலாம்.

உபவாசமிருந்து கேட்டும் கிடைக்கவில்லை. இன்னும் எவ்வளவு விசுவாசம் வேண்டும்?

தன் மாம்சத்தில் முள்ளாக இருந்த வேதனை நீங்கப் பவுல் மூன்று தரம் கேட்டார், முள் எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்றுதான் பதில் வந்தது. கெத்செமனே தோட்டத்தில் தேவகுமாரன் இயேசுவே கேட்டார், பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. இவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த மேடையிலாவது சொல்வார்களா?

எங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. இந்துக் கோயில்களில் பொட்டுக் கட்டி விடப்படவிருந்த பிள்ளைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் சேர்த்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர். 1931 அக்டோபரில், களக்காட்டில் ஊழியத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். அந்தி நேரம். புதிதாய் வெட்டியிருந்த குழி தெரியாமல் விழுந்தார். கால் முறிந்தது. அதோடு அவருடைய நடமாட்டம் போயிற்று. 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஒரே அறைதான். சுகத்துக்காக ஜெபிக்க அந்த வளாகத்தில் ஆட்களுக்கா பஞ்சம்? நூற்றுக்கணக்கான பிள்ளைகள். படுக்கையில் இருந்தபடியே கடிதங்களும் புத்தகங்களுமாக எழுதிக்கொண்டிருந்தார். வலி இல்லை என்று நடிக்கவும் இல்லை. அவர் கல்லறையில் நினைவுக்கல் கிடையாது. குருவிகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட ஒரே ஒரு சொல்.

இந்தக் கதையை நான் எல்லாரிடமும் சொல்வதில்லை. "அப்படியானால் எனக்கும் சுகம் வராதா" என்று ஒரு அக்கா திருப்பிக் கேட்டுவிட்டார். சுகத்துக்காக ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லி இதைச் சொல்லவில்லை. கிடைக்காத பட்சத்திலும் கைவிடப்பட்டதாக அர்த்தமில்லை என்பதற்காகத்தான்.

காத்திருக்கிற காலம் முழுக்க வீணாகப் போகிறதே?

தரங்கம்பாடியில் 1706-இல் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே டேனிஷ் கோட்டை அதிகாரியோடு தகராறு, கோட்டைக்குள்ளேயே சிறை, நாலு மாதம். வெளியே வந்து 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். அச்சு எழுத்தும் கருவியும் கடல் தாண்டி வந்து, 1715-இல் புத்தகம் முழுசாக வெளியானது. 1719-இல் இறந்தபோது வயது 36. சிறையில் இருந்த அந்த நாலு மாதம் வீணா இல்லையா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. அவருக்கும் அப்போது தெரிந்திருக்காது.

கோயிலில் மற்றவர்கள் எழுந்து, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் கெட்டவளா?

இல்லை. "ஒரே வாரத்தில் வீடு அமைந்தது, ஒரே மாதத்தில் விசா வந்தது" என்று ஒருவர் மைக்கில் சொல்லும்போது, வாடகை பாக்கி வைத்திருக்கிறவளுக்கு எரியத்தான் செய்யும். சந்தோஷப்படுகிறவர்களோடு சந்தோஷப்பட வேண்டும் என்பது உண்மை. அது உடனே வர வேண்டும் என்று வசனத்தில் இல்லை. எங்கள் சங்கத்தில் ஒரு மாற்றம் செய்து பார்த்தோம்: இன்னும் முடியாத காரியத்தையும் எழுந்து நின்று சொல்லலாம் என்றோம். முதல் கூட்டத்தில் யாரும் எழும்பவில்லை. இரண்டாவது கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "மகன் போன் பண்ணி ஏழு மாதம் ஆச்சு, ஸ்தோத்திரம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு யாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை.

கஷ்ட காலத்தில் காணிக்கை விதைத்தால் ஆசீர்வாதம் திறக்கும் என்கிறாரே ஒரு ஊழியக்காரர்?

கடன் வாங்கியோ நகையை வைத்தோ கொடுக்காதீர்கள். ஏழை விதவையின் இரண்டு காசை இவர்கள் எப்போதும் சொல்வார்கள், மாற்கு 12:42. அதற்கு இரண்டு வசனம் முந்தி, விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களைப் பற்றி ஆண்டவர் சொன்னது இருக்கிறது. அதை எந்த மேடையிலும் வாசிக்கக் கேட்டதில்லை. எங்களுக்கு வருமானமே இல்லாத மாதங்களில் காணிக்கைப் பை சுற்றி வரும்போது ஐந்து ரூபாய் போட்டேன். ஒருநாள் சும்மா கையை மட்டும் உள்ளே விட்டு எடுத்தேன். நம் ஆண்டவருக்குக் கணக்கு தெரியும்.

நான் ஜெபிக்கிறேன், என் வீட்டுக்காரர் உட்காரவே மாட்டேன் என்கிறார்.

என் வீட்டிலும் அதே கதை. குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்தால் அவருக்கு மோட்டார் நினைவு வந்துவிடும். தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும், அப்போதும் பார்க்கப் போவார். முதல் மாதம் சண்டை போட்டேன். அப்புறம் மாற்கு 2-ஐ வாசிக்கும்போது ஒரு சொல்லில் நின்றேன். திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனிடம் பேசுகிறார். படுத்துக் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசினதாக அங்கே இல்லை. சரி, இந்த வருஷம் இவர் கட்டிலில் இருக்கட்டும், நாங்கள் தூக்குவோம் என்று விட்டுவிட்டேன். அத்தை ஒரு முனை, நான் ஒரு முனை, பிள்ளைகள் மற்ற இரண்டு. நாலு மாதம் கழித்து ஒருநாள் மோட்டாரை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றார். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மகளுக்குக் கண் காட்டினேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களைப் பார்க்கப் போனால் என்ன சொல்வது?

முடிந்தவரை ஒன்றும் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அது. நாலாம் அதிகாரத்தில் எலிப்பாஸ் வாயைத் திறந்தான், கெட்டது. கடைசியில் தேவனுக்குக் கோபம் மூண்டது யோபுவின் மேல் அல்ல, அவனைத் திருத்த வந்தவர்கள் மேல்தான், 42:7.

போகும்போது எதையாவது கொண்டுபோங்கள். பழம் வேண்டாம், எல்லாரும் பழம்தான் கொண்டுவருவார்கள். வீடு முழுக்க ஆப்பிள் அழுகும். இட்லி மாவு கொண்டுபோங்கள். ரேஷன் கடைக்குப் போக வேண்டுமா, கரண்ட் பில் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல வாய் வந்தால் தண்ணீர் கேட்டுக் குடியுங்கள்.

எங்கேயிருந்து வாசிக்க ஆரம்பிக்கலாம்?

ஆதியாகமத்திலிருந்து வேண்டாம்; லேவியராகமத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சங்கீதம் 13, 27, 42, 121. பிறகு ரூத், நாலே அதிகாரம். அதில் தேவன் நேரடியாக ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. புருஷனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்த நகோமி, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், எனக்கு வந்தது கசப்பு என்று ஊர்ப் பெண்களிடம் சொல்கிறாள். அந்தக் கசப்புக்காரியின் வீட்டுக்கு மருமகள் போர்வையில் ஆறுபடி வாற்கோதுமை கட்டிக்கொண்டு வருகிறாள். அப்புறம் மாற்கு, 16 அதிகாரம். நாளுக்குப் பத்து நிமிஷம் போதும். கண் மங்கலாக இருக்கிறவர்களுக்கு போனில் வாசித்துக் காட்டுகிற ஆப் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் போட்டுத் தருவார்கள்.

நீங்கள் இப்போதும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறீர்களா?

எடுக்கிறேன். இவ்வளவு பேசிவிட்டு எடுக்கிறேன் என்று என் மகள் சிரிக்கிறாள். எடுத்ததும் வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கிறேன், அது யாருக்குச் சொன்னது என்று பார்க்கிறேன், அப்புறம்தான் ஃபிரிட்ஜில் ஒட்டுவது. வீட்டுக்காரர் 2021 ஆகஸ்டில் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை போட்டார். மழைக்காலத்தில் ஈயடிக்கும். வரவேண்டிய ஐந்து மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை. எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். பழைய ரோஜாப்பூ அட்டையை நான் கிழித்துப்போட்டிருப்பேன். அவர்தான் எடுத்துக் கடை மேசையின் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் வாசித்துவிட்டு, "அண்ணாச்சி, வாலா தலையா, எதில் இருக்கீங்க?" என்று கேட்பார்களாம். "கழுத்துக்கிட்ட வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்குரூடிரைவரைத் தேடுவார்.